செறிபட்டறை: கைவினைக் குறுகியகாலப் பயிற்சிக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

மட்பாண்டம், அச்சோவியம், நெசவு போன்றவற்றைச் சில நாட்களில் முழுமூச்சாகக் கற்றுத்தரும் பயிற்சியைத் தமிழில் எப்படி அழைக்கலாம் என்ற நம் உரையாடலில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: தீவிரப் பயிலரங்கு, குறும்பட்டறை, முனைப்புப் பயிற்சி. என் பரிந்துரை செறிபட்டறை.

பயிலரங்கு வேண்டாம் என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போவீர்கள். அரங்கு என்றாலே நாற்காலியும் ஒலிவாங்கியும்தான் நினைவுக்கு வருகின்றன. கை அழுக்காகும் இடத்துக்குப் பட்டறைதான் சரி. கவிதைக்கும் கணினிக்கும்கூட அதைக் கொடுத்துவிட்டோம், கைவினைக்குக் கொடுக்க என்ன தயக்கம்? ‘தீவிர’ என்பதை மருத்துவமனையும் செய்தித்தாளும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டன. ‘முனைப்பு’ கற்பவரின் மனநிலையைச் சொல்கிறதே தவிர, பயிற்சியின் அமைப்பைச் சொல்லவில்லை.

குறும்பட்டறையை முன்மொழிந்த ஐயா, கால அளவுதான் இதன் அடையாளம் என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கைவினையில் எதைச் சுருக்க முடியும், எதைச் சுருக்க முடியாது என்று பார்ப்போம். வனைந்த பாண்டம் நன்றாக உலராமல் சூளைக்குள் போனால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி அதை வெடிக்க வைக்கும். முதல் சூடு ஏறத்தாழ 1000 பாகை செல்சியஸ். அதில் 573 பாகையை ஒட்டி மண்ணிலுள்ள படிகக்கல்லின் (குவார்ட்ஸ்) அமைப்பு மாறி விரிவடையும். அங்கே அவசரப்பட்டால் விரிசல் விழும். பிறகு மெருகுப் பூச்சு, இரண்டாம் சூடு, சூளை ஆறும் நேரம். இரண்டு நாள் பயிற்சியில் இதெல்லாம் முடியாது. பாண்டங்களைப் பின்னால்தான் சுட்டுத் தருவார்கள். அந்த இரண்டு நாளில் நடப்பது வனைதல் மட்டுமே. வனைவது, கம்பியால் குறுக்கே அறுத்துச் சுவரின் கனம் பார்ப்பது, பிசைந்து மறுபடி வனைவது.

நெசவிலும் இதே கதைதான். பாவு எனும் நெடுக்கு இழைகளை ஓட்டி, அவற்றை ஒவ்வொன்றாக விழுதில் (தறியில் இழைகளைத் தூக்கி இறக்கும் கண்ணிகளில்) கோப்பதிலேயே முதல் நாள் போய்விடும். அதனால் பல ஆசிரியர்கள் பாவு ஏற்றிய தறியையே முன்னால் வைத்துவிடுகிறார்கள். வருபவர் நேராக ஊடை எனும் குறுக்கு இழையைப் போடத் தொடங்கலாம். அச்சோவியம் கொஞ்சம் தாராளம்: லினோலியத்தைச் செதுக்கி மை உருட்டினால் அன்றைக்கே படி கையில் இருக்கும். செப்புத் தகட்டை அரித்து எடுக்கும் முறைக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வோர் அரிப்புக்கும் ஒரு சோதனைப் படி எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆகத் தொழில் சுருங்குவதில்லை. அதிலிருந்து ஒரு கட்டத்தைப் பிரித்தெடுத்து, அதையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கிறார்கள். அடர்வது கைப்பழக்கம். அதனால்தான் ‘செறி’. நாள் கணக்கை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்: மூன்று நாள் நெசவுச் செறிபட்டறை. அமெரிக்காவில் 1929 இல் தொடங்கிய பென்லாண்ட் கைவினைப் பள்ளியில் ஒரு வாரம், இரு வாரம் என்று வகுப்புகள் உண்டு. அவற்றைக் ‘குறு’ என்பதா, ‘நெடு’ என்பதா?

‘செறி’க்கும் ‘பட்டறை’க்கும் நடுவே ‘ப்’ மிகுமா என்று கேட்டவருக்கு: இது ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. வல்லினம் மிகாது. ‘செறிப்பட்டறை’ என்று எழுத வேண்டாம்.

ஒரு தொல்லை உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். றகரமும் ரகரமும் பேச்சில் ஒன்றாகிவிட்டதால், இதைக் காதால் மட்டும் கேட்பவர் செரிமானப் பட்டறை என்று நினைக்கலாம். எழுத்தில் இந்தக் குழப்பம் வராது. அறிவிப்புகளில் சொல்ல ‘செறிவுப் பட்டறை’ எளிது என்று பெரும்பான்மையோர் நினைத்தால் அதற்கும் சம்மதம். ‘தீவிர’வுக்கு மட்டும் என் வாக்கு இல்லை.