மீனம்பாக்கத்துக்கு ஐந்து மணி நேரம் முன்னாடி போகச் சொல்பவர்களுக்கு

கிண்டிவாசி:
எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்று காலை ஒரு செய்தி. "வெளிநாடு போகிறவர்கள் ஐந்து மணி நேரம் முன்பே விமான நிலையம் போய்விடவும். செக்யூரிட்டி வரிசை பயங்கரம். அனைவருக்கும் பகிரவும்." சித்திக்கு இன்று இரவு 1 மணிக்கு விமானம். இதைப் படித்துவிட்டு சாயங்காலம் 6 மணிக்கே வண்டி சொல்லச் சொல்கிறார். யார் இதைக் கிளப்பிவிடுவது? பெரும்பாலான விமானங்களுக்கு கவுன்டர் திறப்பதே 3 மணி நேரம் முன்னாடிதான். அதற்கு முன்னால் போனால் பெட்டியை வாங்கக்கூட ஆள் இருக்காது. நான் எப்போதும் இரண்டு மணி நேரம் முன்னாடிதான் போகிறேன். ஆன்லைனில் செக்-இன், ஒரே கைப்பை. ஒரு தடவைகூட விமானத்தை விட்டதில்லை.

கடலூர்_குவைத்:
"ஒரே கைப்பை" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் நண்பரே. நான் 19 வருடமாக வளைகுடாவுக்குப் போய் வருகிறேன். எங்கள் விமானத்தில் ஒரே கைப்பையோடு ஏறுகிற ஆளை நான் பார்த்ததில்லை. கயிறு கட்டி, பெயரும் போன் நம்பரும் எழுதிய பெட்டி. கவுன்டரில் வைத்தால் இரண்டு கிலோ கூடுதல் என்பார்கள். ஓரமாகப் போய் கயிற்றை அவிழ்த்து, அம்மா அரைத்துக் கொடுத்த மிளகாய்த்தூள் பொட்டலத்தை எடுத்து வெளியே வைத்து, மறுபடி கட்டி வரவேண்டும். அதற்கப்புறம் இமிகிரேஷன். பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட் ஈசிஆர், அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் பாஸ்போர்ட். வளைகுடா, மலேசியா என்று 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போவதானால் குடிபெயர்வு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துத்தான் விடுவார்கள். அதையும் தாண்டினால்தான் நீங்கள் சொல்கிற செக்யூரிட்டி. ஆக எங்களுக்கு மூன்று வரிசை.

கிண்டிவாசி:
எல்லாம் சரி. கவுன்டர் எத்தனை மணிக்குத் திறக்கும்? அதைச் சொல்லுங்கள்.

கடலூர்_குவைத்:
கவுன்டர் திறக்கும்போது நீங்கள் எத்தனாவது ஆள்? அதைச் சொல்லுங்கள். திறக்கும் முன்பே ட்ராலிகள் வரிசையாக நிற்கும். நாற்பதாவது ஆளுக்கும் இருநூறாவது ஆளுக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம்.

ஜூரோங்_செல்வம்:
சிங்கப்பூரில் இந்தத் தொல்லையே இல்லை. சாங்கியில் 1, 2, 3 முனையங்களில் செக்யூரிட்டி அந்தந்த கேட்டிலேயே நடக்கும். ஒரு விமானத்துக்காரர்கள் மட்டும்தான் அந்த வரிசையில். நான்காவது முனையத்தில்தான் எல்லோருக்கும் பொது வரிசை. எல்லாம் திட்டமிடலில் இருக்கிறது.

கடலூர்_குவைத்:
செல்வம் சார், பேச்சு மீனம்பாக்கத்தைப் பற்றி. போன மாதம் தட்கல் டிக்கெட் பற்றிப் பேசினோம், அங்கேயும் சிங்கப்பூர் எம்ஆர்டி மெட்ரோ ரயிலைக் கொண்டுவந்தீர்கள். உங்கள் ஊர் நல்ல ஊர்தான். அங்கேயே இருங்கள்.

ஜூரோங்_செல்வம்:
நல்லதைச் சொன்னால் கோபம் வருகிறது என்றால் நான் என்ன செய்ய? நானும் வருடத்துக்கு இரண்டு முறை மீனம்பாக்கம் வழியாகத்தான் மன்னார்குடி போகிறேன்.

திருச்சி_பாலு:
வரிசையைத் திட்டுகிறவர்களுக்கு ஒன்று. என் அண்ணன் சிஐஎஸ்எஃப்பில், அதாவது மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையில் இருக்கிறார். 1999 டிசம்பரில் காட்மாண்டுவிலிருந்து கிளம்பிய ஐசி 814 விமானத்தைக் கடத்தி கந்தகார் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகுதான், 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி, விமான நிலையக் காவல் ஒவ்வொன்றாக இந்தப் படையின் கைக்கு வந்தது. ஒவ்வொரு ஆளையும் கையால் தடவிப் பார்க்கிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது. தாமதம் பாதி நம்மால்தான். பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெரிய பெட்டியில் வைத்தால் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள். லேப்டாப்பைத் துணிக்கு அடியில் புதைத்துவிட்டு ட்ரேயின் முன்னால் நின்று ஜிப்பைத் தேடுகிறோம். கொப்பரைத் தேங்காய் எந்தப் பையிலும் கூடாது, எளிதில் தீப்பிடிக்கும். இதெல்லாம் வீட்டிலேயே தெரிந்திருந்தால் ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம் மிச்சம்.

மயிலை_மாலதி:
எல்லோரும் ஆண்கள் வரிசையைப் பற்றியே பேசுகிறீர்கள். பெண்களைத் திரை போட்ட கூண்டுக்குள் வைத்துத்தான் பார்க்கிறார்கள். நான் போன அன்று ஆண்களுக்கு மூன்று மேடை, எங்களுக்கு ஒரே கூண்டு. அம்மாவுக்கு முந்தானையில் ஊக்கு, இடுப்பில் சாவிக்கொத்து, காலில் மெட்டி. ஒவ்வொன்றுக்கும் அந்தக் கருவி கத்தியது. அம்மா கூண்டுக்குள் நிற்க, அவர் கைப்பை ட்ரேயில் அந்தப் பக்கம் போய்விட்டது. அப்பாவோ எது நம் பை என்று தெரியாமல் பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கால்சட்டை நழுவ, அங்கேயே நின்றார். எழுபது வயது மனிதர். அந்தப் பத்து நிமிடத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள் கிண்டிவாசி?

அண்ணாநகர்_ரவி:
வயதானவர்களுக்கு வீல்சேர் சொல்லிவிடுங்கள் மேடம். வரிசையே கிடையாது, நேராகக் கூட்டிப்போவார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான்.

மயிலை_மாலதி:
எல்லோரும் என்றால் நடக்க முடிந்தவர்களுமா? உங்களைப் போன்றவர்கள் எடுத்துக்கொள்வதால்தான் முழங்கால் போனவர்கள் வாசலில் காத்திருக்கிறார்கள். என் அம்மா நடப்பார். நடக்கிற வரை நடப்பார்.

அண்ணாநகர்_ரவி:
நல்ல யோசனை சொன்னதற்கு எனக்கு இது தேவைதான்.

கிண்டிவாசி:
வீல்சேர், மெட்டி, சாங்கி எல்லாம் இருக்கட்டும். ஐந்து மணி நேரம் முன்னாடி போனால் கவுன்டர் திறந்திருக்குமா, இருக்காதா? ஒருவரும் பதில் சொல்லவில்லை. உள்நாட்டுப் பயணம் என்றால் டிஜியாத்ரா இருக்கிறது, வாசலில் முகத்தைக் காட்டிப் போகலாம். வெளிநாட்டுக்கு 2025 ஜனவரியிலிருந்து சென்னையிலும் வேக இமிகிரேஷன் வந்துவிட்டது, முன்கூட்டியே பதிவு செய்தால் போதும். படித்துத் தெரிந்துகொண்டால் யாரும் தரையில் துண்டு விரித்துப் படுக்க வேண்டியதில்லை.

கடலூர்_குவைத்:
வேக இமிகிரேஷன் இமிகிரேஷனுக்கு மட்டும்தான். பெட்டி எடை போடும் வரிசையை அது குறைக்காது. பெல்ட்டைக் கழற்றும் வரிசையையும் குறைக்காது. நள்ளிரவிலிருந்து விடியற்காலை வரை வெளிநாட்டு விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புகின்றன. எல்லாருடைய பயணிகளும் ஒரே நேரத்தில் ஒரே கூடத்தில் நிற்கிறார்கள். 2022 டிசம்பரில் தில்லி விமான நிலைய நெரிசலில் மூன்றரை மணி நேரம் முன்னாடி வாருங்கள், 7 கிலோவுக்குள் ஒரே கைப்பை கொண்டுவாருங்கள் என்று விமான நிறுவனமே சொன்னது நினைவிருக்கிறதா? அதுவும் உள்நாட்டுப் பயணத்துக்கு.

"தரையில் துண்டு விரித்து" என்று எழுதினீர்கள். விரித்தவன் நான். ஏன் என்று சொல்கிறேன். ஒரு முறை அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊரில் தங்கிவிட்டேன். குவைத்துக்கு வெளியே ஆறு மாதம் இருந்தால் இகாமா, அதாவது அங்கே தங்கும் அனுமதி, செல்லாது. மூன்று நாள் பாக்கி இருக்கும்போது டிக்கெட் போட்டேன். ஊர் பெயர் வேண்டாம், ஒரு விமான நிலையம். பெட்டி போட்டாயிற்று, இமிகிரேஷன் முடிந்தது, செக்யூரிட்டியில் மாட்டிக்கொண்டேன். முன்னால் எண்பது பேர். அண்ணே கொஞ்சம் விடுங்கள் என்று கெஞ்சினேன், சிலர் விட்டார்கள், சிலர் விடவில்லை. கேட்டுக்கு ஓடிப்போனால் கதவு சாத்தியாயிற்று. கண்ணாடி வழியாக விமானம் தெரிகிறது, அங்கேயே நிற்கிறது. மறுநாள் புது டிக்கெட்டுக்கு மனைவியின் செயினை அடகு வைத்தோம். அன்றிலிருந்து நான் ஐந்து மணி நேரம் முன்னாடிதான் போகிறேன். யார் சிரித்தாலும் போவேன்.

மயிலை_மாலதி:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது அண்ணா.

கிண்டிவாசி:
வருத்தமான விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்று எத்தனை மணி நேரம் முன்னாடி போனீர்கள்?

கடலூர்_குவைத்:
இரண்டே கால் மணி நேரம்.

கிண்டிவாசி:
ஆக 3 மணி நேரம் முன்னாடி போயிருந்தால் ஏறியிருப்பீர்கள். கவுன்டர் திறக்கிற நேரம். நான் முதலிலிருந்து சொல்வதும் அதுதான்.

கடலூர்_குவைத்:
நீங்கள் முதலில் சொன்னது இரண்டு மணி நேரம். மேலே போய்ப் படியுங்கள்.

கிண்டிவாசி:
அது எனக்கு. ஒரே கைப்பை உள்ளவனுக்கு.

கடலூர்_குவைத்:
உங்கள் சித்திக்கு எத்தனை பெட்டி?

திருச்சி_பாலு:
நான் எழுதியதை யாராவது படித்தீர்களா? அந்த எண்பது பேரும் பாக்கெட்டைக் காலி செய்துகொண்டு வந்திருந்தால் அண்ணன் ஏறியிருப்பார்.

ஜூரோங்_செல்வம்:
கேட்டிலேயே செக்யூரிட்டி இருந்திருந்தால் விமானமே அவருக்காகக் காத்திருக்கும்.

கடலூர்_குவைத்:
செல்வம் சார், உங்களுக்கு ஒரு கும்பிடு.

புதுப்பயணி_நெல்லை:
நாளை இரவு முதல் தடவையாகத் துபாய் போகிறேன். அத்தை அரை லிட்டர் நெய் கொடுத்திருக்கிறார். கைப்பையில் வைக்கலாமா? யாராவது சொல்லுங்கள்.

திருச்சி_பாலு:
கூடாது தம்பி. வெளிநாட்டு விமானத்தில் 100 மில்லிக்கு மேல் திரவம் கைப்பையில் விடமாட்டார்கள், நெய்யும் அதில்தான் சேரும். மூடியை டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் பை சுற்றி, பெரிய பெட்டியில் துணிக்கு நடுவில் வையுங்கள்.

கடலூர்_குவைத்:
ஐந்து மணி நேரம் முன்னாடி போங்கள் தம்பி.

கிண்டிவாசி:
போகாதீர்கள். கவுன்டர் திறந்திருக்காது.

கடலூர்_குவைத்:
சித்தி கிளம்பிவிட்டாரா?

கிண்டிவாசி:
6 மணிக்கே போய்விட்டார், நான் சொன்னால் யார் கேட்கிறார்கள். இப்போதுதான் போன் செய்தார். மூன்று பெட்டி. கவுன்டர் இன்னும் திறக்கவில்லையாம். நான் சொன்னேனா இல்லையா?

கடலூர்_குவைத்:
எத்தனாவது ஆளாக நிற்கிறார் என்று கேளுங்கள்.