பறப்பதை விட்டுப் பல வருடமாச்சு, இன்ஸ்ட்ரக்டர் ஆக முடியுமா?

மண்டபத்தான்:
2014-இல் சிபிஎல் (வணிக விமானி லைசென்ஸ்) வாங்கினேன். ஏர்லைனில் வேலை அமையவில்லை. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகவே, மண்டபத்தில் எங்கள் ஐஸ் கம்பெனியைப் பார்க்க வந்தவன் அப்படியே தங்கிவிட்டேன். இப்போது தம்பி பொறுப்பெடுத்துக்கொண்டான். எனக்கு வயது 37. ஏர்லைன் ஆசையெல்லாம் போய்விட்டது; செஸ்னா மாதிரி சின்னப் பயிற்சி விமானத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும். உச்சிப்புளியிலிருந்து நேவி விமானம் கிளம்பினால் ஐஸ் பாரை அப்படியே போட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கிறேன் என்று லோடுமேன்கள் கிண்டலடிக்கிறார்கள். லைசென்ஸ், மெடிக்கல் இரண்டுமே காலாவதி. இருக்கிற பணத்தை முதலில் எதில் போடுவது? விட்டுப்போன கை திரும்ப வருமா?

வலதுசீட்டு:
தம்பி, பறக்கும் பள்ளிக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். முதலில் கிளாஸ் 1 மெடிக்கல், அதாவது வணிக விமானிக்கான உடல்தகுதிச் சோதனை. அதற்கும் முன்னால் வெளியில் ஓர் ஆடியோகிராம் (காது கேட்கும் திறன் சோதனை). இத்தனை வருடம் கம்ப்ரசர் பக்கத்தில் நின்ற காது உங்களுடையது.

கை வந்துவிடும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். வராதது வாய்தான். நீங்கள் இடது சீட்டில், இடது கையில் யோக் (விமானத்தைத் திருப்பும் பிடி), வலது கையில் த்ராட்டில் (இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைப்பது) என்று பழகியவர். வலது சீட்டில் உட்காரும் இன்ஸ்ட்ரக்டருக்கு எல்லாம் தலைகீழ். இறங்கும்போது ஓடுபாதையும் வேறு மாதிரி தெரியும். மூக்கு நேராக இருப்பதாக நினைத்துக் கோணலாக இறக்குவீர்கள். அது சரியாகும்போது, செய்துகொண்டே பேச வேண்டும்: இப்போது த்ராட்டிலை மூடுகிறேன், மூக்கு தாழும், தாங்கிப் பிடிக்கிறேன். பேச்சு ஒரு நொடி பிந்தினால் விமானம் வேறெங்கோ போயிருக்கும். நான் சமையலறையில் நாற்காலி போட்டுப் பேசிப் பழகினேன். வீட்டில் பயந்துவிட்டார்கள்.

முதலில் கிடைப்பது அசிஸ்டன்ட் இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங், அதாவது உதவிப் பயிற்றுநர் தகுதி. மூத்த இன்ஸ்ட்ரக்டர் மேற்பார்வையில்தான் சொல்லிக்கொடுக்கலாம். மாணவரை முதல் சோலோவுக்கு (தனியாகப் பறக்க) அனுப்பும் அதிகாரம் கிடையாது. நல்லதுதான்.

தொண்டிக்காரி:
2023-இல் சிபிஎல் செல்லுபடியை 5 வருடத்திலிருந்து 10 ஆக்கினார்கள். அதை நம்பி உட்காராதீர்கள். பயணியை ஏற்ற, கடந்த 90 நாளில் 3 முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும். லைசென்ஸ் கையில் இருந்தாலும் அது தனி. பழைய லாக்புக் பத்திரமாக இருக்கிறதா? பறந்த மணிநேரத்துக்கு அதுதான் சாட்சி. கடற்கரை ஈரத்தில் கரையான், பூஞ்சை எல்லாம் உண்டு, பாருங்கள். கடலோரப் பள்ளி என்றால் கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் தொடங்காதீர்கள். குறுக்குக்காற்று பழக வேண்டியதுதான், ஆனால் முதல் வாரத்திலேயே வேண்டாம்.

மண்டபத்தான்:
லாக்புக் அம்மாவின் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது, பத்திரம். ஆடியோகிராமுக்குத் திங்கட்கிழமை ராமநாதபுரம் போகிறேன். அண்ணே, ஒரு சந்தேகம்: அந்தப் பேச்சு ஆங்கிலத்திலேயே இருக்கணுமா, இல்லை நம்ம பிள்ளைகளிடம் தமிழிலும் சொல்லலாமா?

வலதுசீட்டு:
டெஸ்டில் ஆங்கிலம். விமானம் கவிழப் போகும்போது என்ன வருகிறதோ அது.