பாமினியில் கிடக்கும் கல்வெட்டுகள்: பழைய பெட்டியை விடலாமா?

பனங்கூடல்:
பென்சன் எடுத்த பிறகு எனக்கு ஒரே பொழுதுபோக்கு கல்வெட்டு வடிவமைப்பதுதான். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: எங்கள் யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் 31ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலரைக் கல்வெட்டு என்போம். தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, நன்றி நவிலல் எல்லாம் அதில் வரும். காசு வாங்குவதில்லை. வின்டோஸ் எக்ஸ்பி, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7, பாமினி எழுத்துரு, இந்த மூன்றோடும் பதினெட்டு வருடமாகக் காலம் தள்ளுகிறேன். இப்போது மருமகன் புதுக் கணினி வாங்கித் தருகிறேன், இதைத் தூக்கி எறியுங்கள் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். நல்லாக ஓடுகிறதை ஏன் எறிய வேண்டும்?

கோண்டாவில் பெடியன்:
ஐயா, ஓடுகிறது, சரி. ஆனால் உள்ளே இருப்பது தமிழே இல்லை. பாமினியில் நீங்கள் 'அம்மா' என்று அடித்தால் கணினி எழுதி வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அதற்கு மேல் பாமினி ஒரு தமிழ் வேஷம் கட்டிவிடுகிறது. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் வேஷம் கலைந்துவிடும். எந்தப் பெயரைத் தேடினாலும் அகப்படாது. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடில் 1991இலேயே தமிழ் சேர்ந்துவிட்டது!

பனங்கூடல்:
1991இல் இங்கே கரண்டே இல்லை தம்பி. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். யூனிகோட் வந்தது எங்களுக்கு எங்கே தெரியும்?

அது போகட்டும். 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு பேஜ்மேக்கர் நின்றுவிட்டது, யூனிகோட் தமிழ் அதற்குள் சரிவராது. அதே வேலை செய்யும் புது மென்பொருளான இன்டிசைனுக்குப் போகலாம் என்றால், வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற ஒன்றைத் தெரிவு செய்யாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். அதற்கு மாதாமாதம் சந்தா வேறு. அதைவிடப் பெரிய பிரச்சினை நாள். 31 நாள் என்பது பெயருக்குத்தான். வீட்டுக்காரர் அழுது ஓய்ந்து, படம் தேடி எடுத்து, குறிப்பு எழுதித் தரும்போது கையில் பத்து நாள் மிஞ்சாது. அதற்குள் அச்சகத்துக்கும் போக வேண்டும். செத்த வீட்டு அலுவலில் புது மென்பொருள் பழக ஏலுமா?

கோண்டாவில் பெடியன்:
அந்தக் குறிப்பு இப்போது எதில் வருகிறது ஐயா? வாட்ஸ்அப்பில், யூனிகோடில். நீங்கள் அதைப் பார்த்துப் பார்த்து மறுபடி பாமினியில் அடிக்கிறீர்கள். யூனிகோடில் இருந்தால் ஒட்டிவிட்டு எழும்பலாம்.

பனங்கூடல்:
நான் ஒட்ட விரும்பவில்லை. அடிக்கும்போதுதான் பிழை தெரியும். பூட்டப்பிள்ளைகள் வரிசையில் ஒரு பெயர் விடுபட்டது அப்படித்தான் பிடிபட்டது. அப்படியே அச்சாகியிருந்தால் அந்தியேட்டி வீட்டில் சண்டை. இன்னொன்று, எனக்கு அறிமுகமே இல்லாத ஒரு மனிசியின் எண்பது வருடத்தை எழுத்தெழுத்தாக அடித்து முடிக்கும்போது அவ தெரிந்தவ ஆகிவிடுகிறா. பொழுதுபோக்கே அதுதான்.

ரொறன்ரோ அக்கா:
அண்ணை, அது உங்களுக்கு. எங்களுக்கு என்ன மிச்சம்? என் அப்பப்பா 2003இல் காலமானார். கல்வெட்டில் ஐந்து தலைமுறை வம்சாவளி போட்டிருந்தார்கள். தாள் பிரதி ஒன்றுதான் இருக்கிறது, அதையும் வெள்ளிப்பூச்சி அரித்துவிட்டது. கோப்பு உள்ள சீடியை ஊரிலிருந்து அனுப்பினார்கள். மகளின் மடிக்கணினியில் சீடி போட இடமே இல்லை! ஒருவரிடம் கொடுத்துத் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்துக் குவியல். 1995 இடப்பெயர்வில் காணி உறுதி, படம் எல்லாம் விட்டுவிட்டு வந்த குடும்பம் நாங்கள். வம்சாவளி வேறெங்கும் இல்லை.

விண்கூவி:
இடையில் வருகிறேன், மன்னிக்க வேண்டும். நான் வல்வெட்டித்துறைப் பக்கம், தைப்பொங்கல் பட்டம்தான் என் பைத்தியம். பட்டத்தின் உருவத்தைக் கோறல்ட்ரோ என்ற வரையும் மென்பொருளில் கீறினேன், இப்போது மகனின் டப்லெட்டில் கீறுகிறேன். மென்பொருள் மூன்று தரம் மாறிவிட்டது. பட்டத்தை நிலையாக நிறுத்தும் முச்சைக் கயிறு கட்டுவதும், காற்றில் ஒலிக்கும் விண் பூட்டுவதும் மாறவில்லை. பனங்கூடல் மாஸ்டர் தன் முச்சை எது என்று பார்த்தால் போதும் என்று நினைக்கிறேன். அது பேஜ்மேக்கர் இல்லை.

பனங்கூடல்:
நல்லாகச் சொல்கிறீர். ஆனால் உங்கள் பட்டம் பொங்கலோடு கிழிந்துவிடும். பழைய கோப்பைத் திறக்க வேண்டிய தேவை உமக்கு இல்லை.

சுன்னாகம் திருத்துநர்:
கணினி திருத்துவது என் தொழில், அதனால் இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் ஏசுகிறேன். மாஸ்டர், பெட்டியை எறியாதீர்கள், ஆனால் நம்பவும் வேண்டாம். இந்த வெக்கையிலும் உப்புக்காற்றிலும் மதர்போர்ட் கப்பாசிற்றர் வீங்கும். அது போனாலும் வேறு போர்ட் தேடலாம். டிஸ்க் போனால் எல்லாக் கல்வெட்டும் போச்சு. உங்கள் பழைய ஐடிஈ வகை டிஸ்கை யூஎஸ்பியில் இணைக்கிற அடப்டர் கிடைக்கும், முதலில் இரண்டு இடத்தில் கொப்பி எடுங்கள். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன, அதை இணையத்தில் கொழுவ வேண்டாம்.

மருமகனுக்கும் ஒரு சொல்: பாவித்த கணினி வாங்கினால் கவனம். வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் ஏற்காது. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். புதுக் கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பது போல நடிக்கும் வேர்ச்சுவல்பொக்ஸ் மென்பொருளைப் போட்டால் எக்ஸ்பியை அப்படியே உள்ளே ஓட்டலாம், பேஜ்மேக்கரோடு.

பனங்கூடல்:
இணையம் அதில் இல்லை, இதைப் போனில் எழுதுகிறேன். பெட்டிக்குள் பெட்டியா? அது பிடித்திருக்கிறது.

கோண்டாவில் பெடியன்:
அது ஒத்திப்போடுவது மட்டும்தான். லிப்ரெஓபிஸ் ட்ரோ என்ற வரையும் மென்பொருள், 4.4ஆம் பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும், இலவசம். அமைப்பு கொஞ்சம் குலையும், எழுத்து வரும். அதை எடுத்துப் பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் போட்டால் சரி. ரொறன்ரோ அக்கா, உங்கள் சீடிக்கும் இதுதான் வழி.

பனங்கூடல்:
நேற்று மருமகனின் கணினியில் ஒரு கல்வெட்டைச் செய்து பார்த்தோம். வம்சாவளிக் கோடுகள் எல்லாம் திக்குக்கு ஒன்றாகப் போய்விட்டன. தமிழ் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் இருந்த 'பி.ஏ.'யையும் பாமினி என்று எண்ணி மாற்றிவிட்டது. மனிசன் லண்டன் வெளிவாரியாகப் படித்து எடுத்த பட்டம் தம்பி, ஒரு நொடியில் பறித்துவிட்டீர்.

கோண்டாவில் பெடியன்:
ஆங்கில வரிகளைப் புறம்பாக எடுத்துவிட்டு மாற்ற வேண்டும் ஐயா. அதை நான் முதலே சொல்லியிருக்க வேண்டும்.

ரொறன்ரோ அக்கா:
பட்டம் போனாலும் பரவாயில்லை, பெயர்கள் வந்ததே. என் சீடியில் உள்ளதை அனுப்பட்டுமா அண்ணை?

பனங்கூடல்:
அனுப்புங்கள் பிள்ளை. ஆனால் மாற்றியில் வருவதை அப்படியே தரமாட்டேன், பக்கத்தில் அந்தத் தாள் பிரதியின் படத்தையும் வைத்துத்தான் சரிபார்ப்பேன், அரித்த இடமானாலும் எடுத்து அனுப்புங்கள். வியாழன் ஒரு அந்தியேட்டி இருக்கிறது, அது பழைய பெட்டியில்தான். சுன்னாகத்தார், அந்த அடப்டர் என்ன விலை?