பாங் சேன் நரகத்து முள் மரம் யாருடையது?

மெய்ப்பொருள்:
நம் மன்றத்தின் பயணப் பகுதியில் வழிப்போக்கன் எழுதிய பதிவைப் பார்த்தேன். பாங்காக்கிலிருந்து பாங் சேன் போய், வாட் சேன் சுக் கோயிலின் நரகத் தோட்டத்தைச் சுற்றிவிட்டு வந்திருக்கிறார். படங்கள் அருமை. ஆனால் கடைசி வரி: "இதில் ஒன்றுகூடப் புத்தர் சொன்னது இல்லை. முள் மரம் உட்பட எல்லாம் நம் கருட புராணத்தில் சுட்டது." இதற்குக் கைதட்டல் வேறு.

முள் மரம் புத்தரின் உரைத் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தில் இருக்கிறது ஐயா. 130ஆம் சுத்தம் (சுத்தம் என்றால் உரை), தேவதூத சுத்தம். ஒரு யோசனை (பல மைல் கொண்ட பழைய தூர அளவு) உயரத்துக்கு இலவ மரக் காடு, 16 விரற்கடை முள், அத்தனையும் தணலாக எரிகிறது. நரகக் காவலர்கள் பாவியை அதில் ஏற்றி இறக்குகிறார்கள். கருட புராணம் இன்றைய வடிவத்துக்கு வந்தது அதற்குப் பல நூற்றாண்டு கழித்து. பேரனிடம் தாத்தா திருடினார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

வழிப்போக்கன்:
அண்ணே, நான் எழுதியது பயணக் குறிப்பு. ஆராய்ச்சிப் பட்டத்துக்கு இல்லை. பாங்காக்கின் எக்கமை நிலையத்தில் பஸ் ஏறினேன், நெரிசல் இல்லாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கோயில் சாதாரணமாகத்தான் இருக்கிறது. பின்பக்கம் போனால் எலும்பும் தோலுமாக இரண்டு பிரேதங்கள் (பசிப் பேய்கள்), பனைமரம் மாதிரி நிற்கின்றன, நாக்கு தொப்புள் வரை. ஆணுக்கு நாய் ங்கியன், பெண்ணுக்கு நாங் தோங் என்று பெயர். காலடியைச் சுற்றி விலங்குத் தலையும் மனித உடம்புமாக 21 பேர், எந்தத் தலை எந்தப் பாவத்துக்கு என்று பலகை. அப்புறம் கொதிக்கும் கொப்பரை, ரம்பம், குடல் உருவல். நடுநடுவே உண்டியல். முள் மரத்தில் ஆணும் பெண்ணும் துணியில்லாமல் ஏறுகிறார்கள், கீழே நாய், மேலே காக்கை. எல்லாம் சிமெண்ட், மேலே பெயிண்ட். சின்ன வயதில் பாட்டி சொன்ன கருட புராணம் அப்படியே இருந்தது, எழுதினேன். இதற்குத் தனித் திரியா?

ஓலைச்சுவடி:
மெய்ப்பொருளுக்கு அங்கோர் வாட் திரியில் வாங்கியது இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. அந்தக் கம்போடியக் கோயிலின் தெற்குச் சுற்றின் சுவரில் 37 சொர்க்கம், 32 நரகம், எமன், சித்திரகுப்தன், ஒவ்வொரு நரகத்துக்கும் கல்வெட்டில் பெயர். 12ஆம் நூற்றாண்டு, சூரியவர்மன் கட்டிய விஷ்ணு கோயில். தாய்லாந்துக்காரர்கள் தங்கள் நரகத்துக்கு ஆதாரமாகக் காட்டும் திரைபூம் நூல் 1345 என்கிறார்கள், சுகோதை அரசர் லிதாய் பெயரில் இருப்பது. யார் முன்னே, யார் பின்னே? கூட்டத் தெரியாதவர்களுக்கும் கழிக்கத் தெரியும்.

மெய்ப்பொருள்:
திரைபூம் எழுதியவரே எந்தெந்தப் பாலி மொழி நூல்களிலிருந்து எடுத்தேன் என்று சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறார். அங்கோரின் கெமர் சுவரைப் பார்த்து வரைந்ததாகச் சொல்லவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. முள் மரம். 16 விரற்கடை. தேவதூத சுத்தத்துக்கு முந்திய நூல் ஒன்றில் காட்டுங்கள்.

ஓலைச்சுவடி:
வேத நூலான சதபத பிராமணம், பிருகு கதை. வருணன் தன் மகனை மறு உலகம் பார்த்து வர அனுப்புகிறான். அங்கே மனிதரை மனிதர் அங்கம் அங்கமாக வெட்டிப் பங்கு போடுகிறார்கள். புத்தருக்கு முன்னால். போதுமா?

மெய்ப்பொருள்:
முள் எங்கே?

ஓலைச்சுவடி:
நரகம் இருக்கிறதே!

மெய்ப்பொருள்:
முள் எங்கே?

வந்தவாசி நயினார்:
இருவரும் சற்றுப் பொறுங்கள். உத்தராத்யயன சூத்திரத்தில் மிருகாபுத்திரன் தன் பெற்றோரிடம் முற்பிறவிகளில் பட்ட நரக வேதனைகளைச் சொல்கிறான். அதில் கூர்முள் நிறைந்த உயரமான இலவ மரமும் வருகிறது. சமணர்களுடையது. முதலில் "சுட்டது" என்றால் என்ன என்று முடிவு செய்துகொண்டு பேசினால் நல்லது. மூன்று மரபும் ஒரே நாட்டில் ஒரே காலத்தில் வளர்ந்தவை.

மெய்ப்பொருள்:
நயினார் ஐயா, நன்றி. ஆக கருட புராணம் இல்லை என்பது உறுதியாகிறது.

ஓலைச்சுவடி:
நயினார் சொன்னதில் எந்த வரி அப்படிச் சொல்கிறது?

சிங்கைக்காரன்:
நரகம் பார்க்க பாங் சேன் வரை ஏன் போகிறீர்கள்? எங்கள் ஹா பார் வில்லா 1937இல் வந்தது. டைகர் பாம் முதலாளி ஆவ் பூன் ஹா கட்டியது. சீனர் நரகத்தின் பத்து நீதிமன்றம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நீதிபதி, கடைசியில் மேங் போ கிழவி மறதித் தேநீர் கொடுத்து மறுபிறவிக்கு அனுப்புவாள். ஒழுங்குமுறை என்றால் அது. இங்கே வளர்ந்த ஒவ்வொரு பிள்ளையும் அதைப் பார்த்துப் பயந்துதான் வளர்ந்தது.

வழிப்போக்கன்:
அது கோயிலே இல்லையே, பூங்கா. இப்போது அந்த நரகத்துக்குக் காசு வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுகிறார்கள். பாங் சேனில் பக்கத்திலேயே பிக்குகள் இருக்கிறார்கள், கட்டணமும் கேட்கவில்லை.

சிங்கைக்காரன்:
சிமெண்ட் பொம்மைக்குப் பக்கத்தில் பிக்கு நின்றால் கோயிலாகிவிடுமா? எங்களுடையதில் பராமரிப்பாவது இருக்கிறது.

நெய்தல்:
எல்லோரும் மரத்தின் வயதைக் கேட்கிறீர்கள். எனக்கு வேறு சந்தேகம். பாங் சேனில் அந்த மரம் கள்ள உறவுக்குத் தண்டனை. மெய்ப்பொருள் சார் தலையில் வைத்துக் கொண்டாடும் சுத்தத்தில் அந்தக் குற்றம் எங்கே இருக்கிறது? நானும் படித்தேன். பொதுவாகப் பாவம் செய்தவனை ஏற்றி இறக்குகிறார்கள், அவ்வளவுதான்.

மெய்ப்பொருள்:
அம்மா, அந்த விவரம் திரைபூமில் வருகிறது. அதுவும் பௌத்த நூல்தான்.

நெய்தல்:
அப்படியானால் "புத்தர் சொன்னது" என்பது பாதி மரத்துக்குத்தான் பொருந்தும். மீதிப் பாதி சுகோதை ராஜா சொன்னது.

ஓலைச்சுவடி:
நெய்தல் அக்கா, சபாஷ்.

நெய்தல்:
உங்களுக்கு சபாஷ் போட வரவில்லை. பாகவதத்தின் 28 நரகப் பட்டியலைப் பாருங்கள். அதிலும் வஜ்ரகண்டக சால்மலி என்று முள் மரம் உண்டு, ஆனால் மிருகங்களோடு கூடியவனுக்கு. கள்ள உறவுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பொம்மையைக் கட்டிப்பிடிக்க வேண்டும். உங்கள் மரமும் பாங் சேன் மரம் இல்லை.

மெய்ப்பொருள்:
இதைத்தான் சொல்ல வந்தேன், அதற்குள் முந்திக்கொண்டார். இன்னும் கேளுங்கள். கருட புராணத்தில் நரகப் பகுதியில் வருகிற சால்மலி மரத்தில் பாவிகளைச் சங்கிலியால் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு அடிக்கிறார்கள். பாங் சேனில் என்ன செய்கிறார்கள்? ஏறுகிறார்கள்! வழிப்போக்கனின் படத்திலேயே தெரிகிறது. ஏறுவது தேவதூத சுத்தம். தொங்குவது கருட புராணம். சுட்டதாக இருந்தால் தொங்கவிட்டிருக்க வேண்டும்.

வழிப்போக்கன்:
சிமெண்டில் தலைகீழாகத் தொங்கவிட்டால் விழுந்துவிடும் அண்ணே. கொத்தனார் யோசித்திருப்பார்.

மெய்ப்பொருள்:
நகைச்சுவை வேண்டாம். ஏறுகிறார்களா தொங்குகிறார்களா?

மாத்தளை மைந்தன்:
நீங்கள் இப்படி அடிபடுகிற அந்தச் சுத்தங்களை முதலில் ஏட்டில் எழுதினதே எங்கட ஊரில்தான். மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரை, வலகம்பா மன்னர் காலம், கி.மு. முதலாம் நூற்றாண்டு. அங்கேயும் ஒரு குகைக்குள் நரகத் தண்டனைகள் எல்லாம் சிலையும் ஓவியமுமாக இருக்கு. தெற்கே திக்வெல்லைப் பக்கம் வெவுருகன்னல விகாரையில் இன்னும் பெரிசு. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டமாகக் கூட்டிவந்து காட்டுவினம். தாய்லாந்தை மட்டும் புதினமாகக் கதைக்கிறீர்கள்.

ஓலைச்சுவடி:
ஐயா, கோடி நன்றி. எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தில் வந்ததே கி.மு. முதல் நூற்றாண்டு!

மெய்ப்பொருள்:
எழுதியது அப்போது. அதற்கு முன்னால் பிக்குகள் வாய்மொழியாக ஓதிக் காப்பாற்றினார்கள்.

ஓலைச்சுவடி:
ஓஹோ. உங்கள் நூலுக்கு வாய்மொழிக் கணக்கு, எங்கள் புராணத்துக்கு மட்டும் எழுத்துக் கணக்கா? எங்கள் ஆட்கள் என்ன ஊமைகளா? அங்கோர் திரியிலும் இதே வேலைதான் செய்தீர்கள். 32 நரகம் என்றேன், "அது அரசியல் பிரச்சாரம்" என்று ஒதுக்கிவிட்டு ஓடினீர்கள்.

மெய்ப்பொருள்:
ஓடவில்லை. மட்டுறுத்துநர் திரியைப் பூட்டினார். பூட்டச் சொல்லிப் புகார் கொடுத்தவர் யார் என்பதும் எனக்குத் தெரியும்.

ஓலைச்சுவடி:
பெயரைச் சொல்லுங்களேன், பார்ப்போம்.

நெய்தல்:
வழிப்போக்கன், நீங்கள் பதிவில் எழுதியிருந்த இன்னொன்று. கொலை செய்தவனைக் கொப்பரையில் வேகவிடுவதைப் பார்த்துவிட்டு, நேரே பாங் சேன் கடற்கரையில் குடை வாடகைக்கு எடுத்து, சுட்ட கணவாய் சாப்பிட்டதாக இருக்கிறது. பசி எப்படி வந்தது?

வழிப்போக்கன்:
நான் கொல்லவில்லையே அக்கா. காசு கொடுத்து வாங்கினேன். நோங் மோன் சந்தையில் மூங்கில் குழாயில் வெந்த ஒட்டரிசியும் வாங்கினேன், அதற்கும் நரகம் உண்டா?

வந்தவாசி நயினார்:
வாங்குகிறவன் இல்லாவிட்டால் விற்கிறவன் ஏது என்று வள்ளுவர் கேட்டுவிட்டார் தம்பி. ஒட்டரிசிக்குப் பாவம் இல்லை.

சிங்கைக்காரன்:
சைவச் சாப்பாட்டுப் பிரச்சாரத்துக்குத் தனித் திரி இருக்கிறது.

நெய்தல்:
அந்த மரத்தில் பெண்ணுக்குத் துணியில்லாமல் செய்த கொத்தனாருக்கு என்ன தண்டனை என்று யாராவது பலகையில் பார்த்தீர்களா?

மெய்ப்பொருள்:
பேச்சை மாற்றுகிறீர்கள். தேவதூத சுத்தத்தில் எமன் ஐந்து கேள்வி கேட்கிறான். குழந்தையைப் பார்த்தாயா, கிழவரைப் பார்த்தாயா, நோயாளியைப் பார்த்தாயா, தண்டனை பெற்ற கைதியைப் பார்த்தாயா, பிணத்தைப் பார்த்தாயா, பார்த்தும் திருந்தவில்லையா என்று. அதற்கப்புறம்தான் நரகம். வினை தீர்ந்ததும் அங்கிருந்து விடுதலை. இந்த நுணுக்கத்தை எல்லாம் விட்டுவிட்டு "பாட்டி சொன்னார்" என்றால் எப்படி? கவனிக்க: அதே சுத்தத்தில்தான் முள் மரம். 16 விரற்கடை. ஏற்றி இறக்குகிறார்கள். தொங்கவிடவில்லை. இதற்கு ஒருவரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஓலைச்சுவடி:
எமன் யாருடையவன் என்பதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. ரிக் வேதத்தில் இருக்கிறான். அவனை எங்கிருந்து எடுத்தார்கள், சந்தையிலா?

மெய்ப்பொருள்:
கேள்வி எமனைப் பற்றி இல்லை. மரத்தைப் பற்றி.

மாத்தளை மைந்தன்:
அலுவிகாரைக்கு ஒருக்கா வந்து பாருங்கோ எண்டு சொன்னால் ஒருத்தரும் காதில் வாங்கவில்லை.

சிங்கைக்காரன்:
ஹா பார் வில்லாவுக்கு ரயிலிலேயே வரலாம், நிலையத்தின் பெயரே அதுதான். அதையும் யாரும் கேட்கவில்லை.

வழிப்போக்கன்:
அடுத்து சுபான்புரியில் வாட் பாய் ரோங் வுவா போகிறேன். அங்கே நரகம் இதைவிடப் பெரிது என்கிறார்கள். படம் மட்டும் போடுவேன், எழுத்து ஒன்றுகூடக் கிடையாது.

மெய்ப்பொருள்:
அங்கே முள் மரம் இருந்தால் கிட்டே போய் எடுங்கள். முள் நீளம் தெரிய வேண்டும்.

ஓலைச்சுவடி:
யாரையாவது தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள் தம்பி. இவருக்கு அனுப்புவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள்.