புதுப்பிப்பு: பேஸ்புக் ஆய்வில் உணர்ச்சியை எப்படி அளந்தார்கள்?

போன இழையில், 2012 ஜனவரியில் பேஸ்புக் ஒரு வாரம் 6,89,003 பேருக்குத் தெரியும் பதிவுகளை மாற்றி, மகிழ்ச்சியும் சோகமும் தொற்றுகிறதா என்று பார்த்த ஆய்வைப் பற்றி எழுதியிருந்தேன். பதிவிலுள்ள உணர்ச்சி கணினிக்கு எப்படித் தெரியும் என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

சரி, அவர்கள் பயன்படுத்தியது எல்ஐடபிள்யூசி என்ற மென்பொருள். அதில் நல்லுணர்ச்சிச் சொற்கள், எதிர்மறைச் சொற்கள் என்று பட்டியல்கள் உண்டு; பட்டியலிலுள்ள ஒரே ஒரு சொல் வந்தாலே போதும், பதிவு அந்தப் பக்கம் சேர்ந்துவிடும். ஒருவர் மனம் நொந்து "நாட் ஹேப்பி" என்று எழுதினாலும் "ஹேப்பி" இருப்பதால் நல்லுணர்ச்சிக் கணக்கில் போய்விடும், கிண்டலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் குழு இந்த மென்பொருளை உருவாக்கியது மக்கள் தங்கள் மனக்காயங்களைப் பற்றி எழுதிய கட்டுரைகளை ஆராய. இரண்டு வரிப் பதிவுகளுக்காக அல்ல. பேஸ்புக் ஆய்வில் கண்ட விளைவும் மிகச் சின்னது, கோஹன் டி (இரு குழுக்களுக்கிடையே வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று காட்டும் அளவு) 0.02ஐத் தாண்டவில்லை. இதற்காக இத்தனை பேரின் மனநிலையோடு, தனியாக ஒரு வார்த்தை கேட்காமல், விளையாடியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம், இதேபோல் பதிவின் உணர்ச்சியை அளக்க 2014இல் வந்த வேடர் என்ற கருவி பரவாயில்லை. பத்துப் பேர் ஒவ்வொரு சொல்லுக்கும் -4 முதல் +4 வரை மதிப்பெண் போட்டார்கள். ஆச்சரியக்குறி, ஸ்மைலி, மறுப்புச் சொல் எல்லாம் கணக்கில் வரும். ஆனால் அது மறுப்பை உணர்ச்சிச் சொல்லுக்கு முந்தைய மூன்று சொற்களுக்குள் தேடுகிறது. தமிழில் "நல்லா இல்ல" என்று மறுப்பு பின்னால்தானே வருகிறது, அதனால் பட்டியலை மட்டும் மொழிபெயர்த்து ஓட்டினால் வேலைக்கு ஆகாது.