பொட்டாசியம் எல்லைக்கு மேல், கால்சியம் எல்லைக்குக் கீழ் – அவசரம்

காரிமங்கலம் லேப்:
ரத்தம் சோதிக்கும் அனலைசர் காலையிலிருந்து மூன்று முறை ஒரே மாதிரிதான் காட்டுகிறது. பொட்டாசியத்துக்கு எண்ணே வரவில்லை, 'எல்லைக்கு மேல்' என்கிறது. கால்சியம் 'எல்லைக்குக் கீழ்'. ஏ.எல்.பி. என்ற நொதியும் 9தான், மிகக் குறைவு. ரோட்டர் (ரத்தம் விடும் சோதனைத் தட்டு) கெட்டதா, கருவி கெட்டதா? உரிமையாளர் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு, கால்சியம் பாட்டில் ஏற்றிவிடலாமா என்று கேட்கிறார். சீக்கிரம் சொல்லுங்கள்.

ஊத்தங்கரைக்காரன்:
ஆடா, மாடா, நாயா? அதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் வைத்து என்ன செய்வது?

சூளகிரி ஆட்டுப்பட்டி:
மின்னழுத்தம் பாருங்கள். எங்கள் பக்கம் தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் 180 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். ஸ்டெபிலைசர் மாற்றினேன், சரியாயிற்று.

பழைய கை:
இதே கேள்விக்கு எத்தனை முறைதான் எழுதுவது? ரத்தச் சிதைவு. சிரிஞ்சை வேகமாக இழுத்தால் சிவப்பணு உடையும், உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே வரும். கையேட்டைப் புரட்டியிருந்தால் இவ்வளவு பதற்றம் வேண்டியதில்லை.

காரிமங்கலம் லேப்:
பசு. கலப்பின ஜெர்சி, கன்று ஈன்று மூன்று நாள். பிளாஸ்மா தெளிவாக இருக்கிறது, சிவப்பே இல்லை. ஹெப்பாரின் போட்ட பச்சை மூடிக் குழாய்தான்.

மத்திகிரி டாக்டரம்மா:
பசு நிற்கிறதா, படுத்துவிட்டதா? காது சில்லிட்டிருக்கிறதா? பதில் வரும்வரை பாட்டிலைத் தொடாதீர்கள். தேவையில்லாத மாட்டுக்குக் கால்சியத்தை நரம்பில் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும்.

காரிமங்கலம் லேப்:
நிற்கிறது. தீவனம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அசை போடுகிறது.

பாலக்கோடு பால்காரர்:
எல்லாம் தண்ணீர்தான். நம் மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம், அது கால்சியத்தைக் கட்டிவிடும். எந்தத் தண்ணீரில் ரீயேஜெண்ட் கலக்கினீர்கள்?

ஊத்தங்கரைக்காரன்:
ரோட்டர் என்று எழுதியிருக்கிறாரே. மருந்தும் திரவமும் அதற்குள்ளேயே அடைத்து வருகின்றன. உங்கள் கிணறு அதில் எங்கே நுழைந்தது?

பாலக்கோடு பால்காரர்:
பசு குடிக்கும் தண்ணீரைச் சொன்னேன். ஒகேனக்கல் குடிநீர் 2013இல் வந்ததே இந்த ஃபுளோரைடுக்காகத்தான். மனிதருக்குக் காவிரி, மாட்டுக்கு மட்டும் போர் தண்ணீரா? அதன் பல்லில் பழுப்புக் கறையைப் பார்த்ததில்லையா?

சூளகிரி ஆட்டுப்பட்டி:
கறவை மாடு நாளைக்கு 60 லிட்டர் குடிக்கும். பத்து மாடு வைத்திருப்பவர் குழாய் நீரைத் தொட்டியில் திறந்துவிட்டால் தெருவே சண்டைக்கு வராதா?

மத்திகிரி டாக்டரம்மா:
தண்ணீர்ச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பசுவுக்குக் கால்சியம் 8 முதல் 10 வரை இருக்க வேண்டும். இவ்வளவு கீழே போன பசு நின்று அசை போடாது, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு படுத்திருக்கும். ஆகவே எண்தான் பொய். ரத்தச் சிதைவு கால்சியத்தை இப்படித் துடைத்துவிடாது. தவிர, எல்லா மாட்டின் சிவப்பணுவிலும் பொட்டாசியம் அதிகம் இருப்பதில்லை, மாட்டுக்கு மாடு மாறும். எனக்கு ஊதா மூடிக் குழாய்மேல்தான் சந்தேகம். அதில் இருப்பது ஈ.டி.டி.ஏ.வின் பொட்டாசியம் உப்பு. ரத்தம் உறையாதபடி கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏ.எல்.பி.க்கு வேண்டிய துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் விடாது. மூன்றும் ஒரே நேரத்தில் கெட்டிருப்பதைப் பாருங்கள்.

பழைய கை:
பச்சை மூடி என்று அவரே சொல்லிவிட்டார். 22 ஆண்டுகளாக மாட்டு ரத்தம் பார்க்கிறேன், அம்மா.

மத்திகிரி டாக்டரம்மா:
கருவிக்குள் போனது பச்சைக் குழாய் என்றுதான் சொன்னார், ஐயா. அந்தக் குழாய்க்குள் ரத்தம் எங்கிருந்து வந்தது? தம்பி, எடுத்தவரைக் கேளுங்கள். புதிதாக எடுத்து, பச்சைக் குழாயை முதலில் நிரப்பி, ஊதாவைக் கடைசியில் நிரப்பச் சொல்லுங்கள்.

(மறுநாள்)

காரிமங்கலம் லேப்:
பையன் அணு எண்ணிக்கைக்காக ஊதாவில் மட்டும் எடுத்திருக்கிறான். நான் பச்சை கேட்டதும் அதிலிருந்தே பாதியை ஊற்றிக் கொடுத்துவிட்டான். புது ரத்தத்தில் கால்சியம் 8.6, பொட்டாசியம் 4.4. பாட்டில் ஏற்றவில்லை. நன்றி.

பழைய கை:
ரத்தம் எடுத்த விதத்தில்தான் கோளாறு என்று முதலிலேயே சொன்னேன்.

பாலக்கோடு பால்காரர்:
அந்தப் பசு குடிப்பது போர் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா? கேட்டுச் சொல்லுங்கள்.