கையெழுத்து என்றதும் பேச்சை நிறுத்திய ஆயா

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உளவியல் முதுநிலை படித்தபோது, அந்நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வாழும் தமிழ் முதியவர்களை நேர்காணல் செய்தேன். எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று வகுத்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் வீட்டை இழந்து, 1960களில் அங்கே குடியேற்றப்பட்டவர்கள் அவர்கள். பழைய வீட்டின் நினைவை இந்த வயதில் எப்படிச் சுமக்கிறார்கள் என்பதே என் ஆய்வு.

முதலில் சந்தித்த ஆயா தேநீர் கொடுத்து, முன்பு குடியிருந்த கேட்டோ மேனர் பகுதியில் அப்பா போட்டிருந்த கீரைத் தோட்டத்தைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஒப்புதல் படிவத்தை எடுத்து வைத்ததும் பேச்சு நின்றது. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அவருடைய மகள்தான் விளக்கினார். 1958இல் கேட்டோ மேனர் வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்ட பிறகு, அதிகாரிகள் கொண்டுவந்த காகிதங்களில் தாத்தா கையெழுத்திட்டிருக்கிறார். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் எதிலும் எளிதில் கையெழுத்திடுவதில்லை.

நாஜி மருத்துவர்களின் கொடுமைகளுக்குப் பிறகு, 1947இல் நியூரம்பர்க் நெறிகள் வகுக்கப்பட்டன. ஆய்வில் பங்கேற்பவரின் சம்மதமே முதன்மையானது என்று அவை கூறுகின்றன. அவரைக் காப்பதற்காக வந்த காகிதமே ஆயாவை அச்சுறுத்தியது. வாய்மொழிச் சம்மதத்தை ஒலிப்பதிவு செய்ய அனுமதி கேட்டு நெறிமுறைக் குழுவுக்கு எழுதினேன். பதில் வரத் தாமதமானாலும் அனுமதி கிடைத்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் வேறொரு தாத்தா. நகராட்சித் தொழிலாளர்கள் வாழ்ந்த மேகசின் பாரக்ஸில் வளர்ந்தவர். படிவத்தைப் பார்க்காமலே பேனாவை எடுத்து, "பேத்தி மாதிரி இருக்கிறாய், உன் படிப்புக்காக எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன்" என்றார். பல ஆய்வாளர்கள் இந்த இடத்தில் மகிழ்ந்துவிடுகிறார்கள். அது அன்பு; சம்மதம் ஆகாது. படிவத்தை ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டி, புரிந்ததை அவர் வாயாலேயே சொல்லச் சொன்னேன். வேண்டாம் என்றால் பாதியில் நிறுத்தலாம் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டு, "அப்படியென்றால் தம்பி இறந்ததைப் பற்றிக் கேட்காதே, மற்றதெல்லாம் சொல்கிறேன்" என்றார். அவர் உண்மையில் சம்மதித்தது அப்போதுதான். அந்த நேர்காணல் போல ஆழமானது எனக்கு வேறு கிடைக்கவில்லை.

இங்கே ஆய்வு செய்யும் தம்பி தங்கைகளே, உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

ஒரு மூத்த மாணவர்:
நான் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் படித்தவன். இந்தியருக்கென்று 1961இல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்குப் படகில்தான் போவோம். உளவியல் துறையே நம்மவருக்கு எளிதில் கதவு திறக்கவில்லை, அம்மா. ஜோசபின் நாயுடு என்ற இந்திய வம்சாவளி உளவியலாளர் 1950களில் தேசிய உளவியல் சங்கத்தில் சேர விண்ணப்பித்தார். ஒரு விண்ணப்பம், பல ஆண்டுச் சர்ச்சை! வெள்ளையரல்லாதவரையும் சேர்க்கலாம் என்று 1962இல் முடிவானதும், அதை ஏற்காதவர்கள் பிரிந்துபோய் வெள்ளையருக்கு மட்டுமான சங்கம் ஒன்றை அமைத்தார்கள். பின்னாளில் ராபன் தீவில் சிறையிருந்த நம் டர்பன்காரர் சத்ஸ் கூப்பர், 2012இல் உலக உளவியல் ஒன்றியத்துக்கே தலைவரானார். இவற்றையெல்லாம் பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்களா?

இன்னொன்று. அந்த ஒலிப்பதிவுகளை என்ன செய்யப் போகிறாய்? குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி–லுத்துலி ஆவண மையம் இத்தகைய வாய்மொழி வரலாறுகளைப் பாதுகாக்கிறது.

பதிவர்:
ஐயா, சங்கம் பிளந்த கதையை ஒரு விரிவுரையில் ஓரிரு வரியில் முடித்துவிட்டார்கள். ஜோசபின் நாயுடுவின் பெயர் அதில் வரவில்லை. ஒலிப்பதிவைப் பற்றி இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். தாத்தா ஆவண மையத்துக்குக் கொடுக்கச் சொன்னார். ஆயா, தன் பேரப்பிள்ளைகள் மட்டும் கேட்டால் போதும் என்றார். அவருடைய பதிவை மகளிடமே ஒப்படைத்துவிட்டேன்.